கழுவும்போது கெடுகிற கத்தி

மடக்குக் கத்தி வெட்டிக் கெடுவது குறைவு. கழுவிக் கெடுவதுதான் அதிகம். கத்தி பழுதுபார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். முனை ஒடிந்து வரும் கத்தி உண்டு, பூட்டு தளர்ந்து வருவதும் உண்டு. ஆனால் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, க்ளீன் பண்ணலாம்னு எடுத்தேன்" என்ற பேச்சோடு வரும் கத்திதான் பட்டறை மேசையில் அதிக நாள் கிடக்கும். வெட்டியதால் வந்த சேதம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கும். கழுவியதால் வந்தது மூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

புதுச்சேரியில் பழைய மரச்சாமான்களைச் சீர்செய்யும் தச்சர் ஒருவரிடம் இப்படிப்பட்ட கத்திகள் அவ்வப்போது வந்து சேர்கின்றன. பெரும்பாலும் பிரெஞ்சுக் கத்திகள். பிரான்சில் அண்ணனோ அத்தையோ இருக்கும் குடும்பங்கள் அந்த ஊரில் ஏராளம். விடுமுறைக்கு வருகிறவர்கள் சாக்லேட், சென்ட் பாட்டிலோடு ஓர் ஒப்பினெல் கத்தியையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். (கைப்பையில் போட்டவர்கள் விமான நிலையத்திலேயே அதைத் தொலைத்திருப்பார்கள்.)

ஒப்பினெல் ஆடம்பரக் கத்தி அல்ல. ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய சவோய் பகுதியில் கோடாலியும் அரிவாளும் அடித்துவந்த ஒரு கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கிய குடியானவர் கத்தி. 1897இல் சின்னதிலிருந்து பெரியது வரை 1 முதல் 12 என்று எண் போட்டு அளவுகளை வகுத்தார். அவற்றில் புகழ்பெற்றது 8ஆம் எண்: அலகு எட்டரை சென்டிமீட்டர். அலகில் முடிசூட்டிய கை முத்திரை இருக்கும். ஒரு துண்டு பீச் மரத்தில் கைப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, கைப்பிடியின் கழுத்தில் அசையாத ஓர் உலோகப் பட்டை, அதன்மேல் திருகிப் பூட்டும் வளையம். மொத்தம் ஐந்தே உருப்படி. பூட்டு வளையம் 1955இல் மார்செல் ஒப்பினெல் சேர்த்தது. இந்தக் கத்தி பிரான்சில் இன்றும் இருபது யூரோவுக்குள் கிடைக்கும். அந்த விலைக்கு யாரும் கம்பெனிக்கு அனுப்பிப் பழுதுபார்க்கப் போவதில்லை, புதிது வாங்குவார்கள். ஆனால் கொடுத்தவர் ஆண்டுக்கொரு முறை வருகிறவர் என்றால் கணக்கு மாறிவிடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கொண்டுவந்தது அப்படி ஒரு கத்தி. தம்பி கொடுத்தது. கார்பன் எஃகு அலகு, 8ஆம் எண். தச்சர் கையில் வாங்கிப் புரட்டியதுமே கேட்டார்:

"டீச்சர், கழுவினீங்களா, ஊறவெச்சீங்களா?"

"பலாப்பழம் அறுத்தேன்பா. பிசின் போகவே இல்ல. சுடுதண்ணில சோப்புப் போட்டு ராத்திரி முழுக்க வெச்சிட்டேன்."

"மடக்கியா?"

"பேரன் கை வெச்சிடுவானேன்னு மடக்கித்தான் போட்டேன்."

"அப்புறம் குறடு போட்டு இழுத்தீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாமல் என்ன? அலகின் இரு பக்கமும் குறட்டின் பல் வரிவரியாகப் பதிந்திருந்தது. பூட்டு வளையம் தன் தடத்தைவிட்டு ஒரு பக்கம் எழும்பி, அதன் வாய் அகன்றிருந்தது. கைப்பிடியின் பிளவுக்குள் அலகு பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக இறுகிக் கிடந்தது.

நடந்தது என்னவென்று தச்சருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, மரத்தோடு புழங்குகிறவர். பீச் மரம் ஈரத்துக்கு மிகவும் அசைந்துகொடுக்கும். பச்சை மரம் முழுதாக உலரும்போது ஐரோப்பிய பீச் ஆண்டு வளையத்தின் போக்கில் 11, 12 சதவீதம் சுருங்கும். தேக்கில் இது ஏறத்தாழ 5 சதவீதம்தான். உலர்ந்து சுருங்கிய மரம் நனைந்தால் அதே அளவுக்கு உப்பவும் பார்க்கும். ஒப்பினெல் கைப்பிடியில் கழுத்தைச் சுற்றி உலோகப் பட்டை இருப்பதால் அங்கே மரம் வெளிப்பக்கம் உப்ப முடியாது. இடம் இருப்பது உள்ளே, அலகு குடியிருக்கும் பிளவில் மட்டும்தான். இரண்டு பக்கத்து மரமும் உள்ளே நகர்ந்து அலகைக் கவ்விக்கொள்கிறது. கைப்பிடியின் மேல் வார்னிஷ் இருக்கிறதே என்றால், அது வெளியே. ரம்பம் போட்ட பிளவுக்குள் தண்ணீர் இறங்குவதை அது தடுக்காது.

இந்த நிலையில் இழுக்கக் கூடாது. சவோய்க்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பூட்டைத் திறந்துவிட்டு, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு. அலகு தன் கனத்தில் கொஞ்சம் வெளியே எழும்பும். பிறகு விரலால் திறக்கலாம். மழைநாளில் இறுகுகிற கத்திக்கு இது போதும். ராத்திரி முழுக்க ஊறியதற்குப் போதாது. அதற்குக் காத்திருப்பதுதான் வேலை.

தச்சர் கத்தியை நிழலில், காற்றாடிக்குக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார். மொட்டைமாடி வெயிலில் வைத்திருந்தால் ஒரே நாளில் காய்ந்திருக்கும், கூடவே பிளவின் முனையிலிருந்து ஒரு விரிசலும் ஓடியிருக்கும். தினம் சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்துப் பார்ப்பார். எடை குறைந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நிற்கும். நின்ற பிறகுதான் உப்புத்தாளைத் தொடலாம். அவசரப்பட்டு ஈரத்திலேயே பிளவைத் தேய்த்து அகலமாக்கினால், காய்ந்தபின் அலகு உள்ளே ஆடும். மரவேலையில் பழகாதவர்கள் தப்பு செய்வது இங்கேதான்: கத்தி அன்றைக்கே திறந்துவிடும், பார்க்க வேலை முடிந்ததுபோல் இருக்கும், கோடை வந்ததும் மடக்கிய அலகு தானாகச் சரிந்து வெளியே வரும். சட்டைப்பையில் வைக்கிற பொருளுக்கு இது சின்னக் குறை இல்லை.

எடை நின்றது. அலகு தட்டியதும் எழும்பியது. அடுத்தது வளையம். சர்க்ளிப் பிளையரால் அதன் வாயை இன்னும் சற்று விரித்துக் கழற்றினார். அகன்றுபோன வளையத்தை ஒரு கம்பியைச் சுற்றி வைத்து, வைஸில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். கூடுதலாக இறுக்கினால் கட்டைவிரலால் திருக முடியாது. குறைவாக இறுக்கினால் பூட்டு பிடிக்காது. அளவுகோல் விரல்தான், வேறு கருவி இல்லை.

பிறகு பிளவு. பழைய ஹாக்ஸா பிளேடு ஒன்றின் பல்லை மழுக்கி, இரு பக்கமும் 240ஆம் எண் உப்புத்தாள் ஒட்டி, அதைப் பிளவுக்குள் விட்டு இழுத்தார். ஒட்டிய பிளேடின் பருமன் அலகின் பருமனைவிடக் குறைவாக இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் தேயும். எந்தப் பக்கம் அலகு உரசியதோ அங்கே மரம் பளபளவென்று அழுந்தியிருக்கும். அதைப் பார்த்துத் தேய்க்க வேண்டும். பத்து இழுப்பு, அலகை மடக்கிப் பார்ப்பது, மறுபடி சில இழுப்பு. வந்த மரத்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை.

ஆணியை அவர் தொடவில்லை. பழுதுபார்ப்பதில் பாதித் திறமை எதைத் தொடாமல் விடுவது என்று தீர்மானிப்பதில் இருக்கிறது. மூட்டுக்குள் துரு இருந்தது, பலாப் பிசினும் இருந்தது. ஆணியின் தலையை ராவி, பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்துவிட்டால் உள்ளே முழுதாகச் சுத்தம் செய்யலாம்தான். ஆனால் புது ஆணி போட்டுத் தலையைத் தட்டிப் பரப்பும்போது கம்பெனி வைத்த இறுக்கம் அப்படியே வராது. ஒரு தட்டு கூடினால் அலகு திறக்காது, ஒரு தட்டு குறைந்தால் பக்கவாட்டில் ஆடும். அலகு ஆடாத கத்தியின் ஆணியைப் பிடுங்குவது வேண்டாத வேலை. அதனால் தேங்காய் எண்ணெயை மூட்டில் விட்டு ஊறவைத்தார். பலாப் பிசின் தண்ணீருக்குக் கரையாது; எண்ணெய்க்கு விடும். பண்ருட்டிப் பக்கம் பலா அறுக்கிறவர்கள் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். டீச்சரும் அதைச் செய்திருந்தால் கத்தி பட்டறைக்கே வந்திருக்காது. இளகிய பிசினை நூல் விட்டு இழுத்து எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து உலர்த்தினார்.

தேங்காய் எண்ணெய் கழுவத்தான், மூட்டில் விட்டுவைக்க அல்ல. வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான் என்பதால் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் அதையே விடுகிறோம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். சமவெளியில் திறந்த கத்தி ஊட்டியில் மார்கழிக் காலையில் முரண்டு பிடிப்பது அதனால்தான். நாள்பட்டால் சிக்குவாடையும் வரும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பழம் நறுக்குகிற கத்தி என்றால் மருந்துக்கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின் நல்லது.

அலகின் மேல் இருந்த சிவப்புத் துருவை எடுத்தார், சாம்பல் கறையை விட்டுவிட்டார். டீச்சருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடாதா என்று கேட்டார். ஆகும். மாங்காய் நறுக்கிய பழைய இரும்பு அரிவாள்மணை கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கறை புதிதல்ல. புளிப்பு பட்டுக் கார்பன் எஃகின் மேல் படியும் அந்தக் கருஞ்சாம்பல் படலம் சிவப்புத் துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அதைச் சுரண்டிவிட்டால் அடியிலிருக்கும் புது எஃகு அடுத்த ஈரத்துக்கே துருப்பிடிக்கும். குறட்டுப் பல் தடங்களில் மேலோட்டமானவை 400, 800 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போனதில் மறைந்தன. ஆழமான ஒன்று நின்றுவிட்டது. அதையும் எடுக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் அலகு மெலியும். எடுக்காமல் விட்டது சரியான முடிவு என்றே தோன்றுகிறது.

கடைசியாகப் பிளவுக்குள் ஆளிவிதை எண்ணெய். கோழி இறகால் தடவி, மிஞ்சியதைத் துணியால் ஒற்றி, ஆறவிட்டார். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடித்த பட்டறைகள் உண்டு. விரித்துத் தொங்கவிட வேண்டும்.

டீச்சரின் கத்தியைக் கெடுத்த இதே ஊறவைப்பு இன்னொரு கத்திக்குக் கம்பெனியே சொல்லும் வைத்தியம். சுவிட்சர்லாந்தில் ஈபாக் என்ற ஊரில் கார்ல் எல்ஸ்னர் 1884இல் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்தது விக்டோரினாக்ஸ். அந்தச் சிவப்புக் கத்தி அழுக்கேறினால் வெதுவெதுப்பான நீரில் போட்டு, பாகங்களைச் சிலமுறை திறந்து மூடி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்கிறார்கள். அதில் மரம் இல்லை, அலகு துருப்பிடிக்காத எஃகு; அதனால் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அதைக் கெடுப்பது வேறு. ஸ்டிக்கர் பசை ஒட்டியிருக்கிறது என்று நகப்பூச்சு நீக்கியை எடுப்பார்கள். அதிலுள்ள அசிட்டோன் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பளபளப்பு போய், விரல் ரேகை பதிந்து, வெளிறிவிடும். நல்லவேளையாக, பெரும்பாலான மாடல்களில் சிவப்புத் தகடு ரிவெட் தலைகளின்மேல் அழுத்திப் பொருத்தியது மட்டுமே. அதை நெம்பி எடுத்துப் புதிது பொருத்தலாம். உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் வில்லும் அலகும் கம்பெனியின் ரிவெட்டில் நிற்பவை; அதில் உள்ளூர்க் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

திருகாணி போட்ட புதுக் கத்திகள் இன்னொரு ரகம். திறந்து கழுவ வசதியாகத்தான் திருகாணி வைத்திருக்கிறார்கள் என்று நம்பி, அளவு தெரியாத திருப்புளியை விடுவார்கள். டார்க்ஸ் தலையின் ஆறுமுனைக் குழி வழுக்கி வட்டமாகிவிடும். திருகாணி அசையாததற்குக் காரணம் பெரும்பாலும் கம்பெனி இட்ட பசை. நீலநிறப் பசை கைத்திருப்புளிக்கு விடும். சிவப்பு என்றால் 250 டிகிரி அளவுக்குச் சூடு கேட்கும். நெருப்பில் காட்டினால் கைப்பிடி உருகும், அலகின் பதம் போகும். சால்டரிங் அயர்ன் முனையைத் திருகாணியின் தலையில் மட்டும் கொஞ்ச நேரம் வைத்து, சூடு தணியுமுன் சரியான அளவுத் திருப்புளியால் அழுத்தித் திருக வேண்டும். இந்த வேலையைத் தச்சர் எடுப்பதில்லை. கடிகாரம் பழுதுபார்க்கும் நண்பரிடம் அனுப்பிவிடுவார். மேலும், திறந்தாலே உத்தரவாதம் போய்விடும் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. சீட்டைப் படித்துவிட்டுத் திறப்பது நல்லது.

கூர் மழுங்கியிருந்தால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா என்று டீச்சர் கேட்டார். அரிவாளுக்குக் கொடுக்கலாம், இதற்கு வேண்டாம் என்றார் தச்சர். தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுழலும் கல்லில் மெல்லிய அலகு நொடியில் சூடேறும். விளிம்பில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். கூர் ஏறும், நிற்காது. நீர் விட்டுத் தேய்க்கும் கைக்கல்லே போதும்.

உங்கள் கத்தியையும் யாரிடமாவது பழுதுக்குக் கொடுக்க நேர்ந்தால், எதில் ஊறவைத்தீர்கள், எந்த எண்ணெய் விட்டீர்கள், எதைக் கொண்டு நெம்பினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கழன்று விழுந்த வளையமோ திருகாணியோ வளைந்திருந்தாலும் தூக்கிப்போடாமல் ஒரு தாளில் மடித்துக் கூடவே கொடுங்கள். அந்த அளவில் வேறொன்று இங்கே கடையில் கிடைக்காது.