தொம்பை வரையும் விரல்கள்

பேச்சிப்பாறையில் விடியுமுன் தொடங்குகிற வேலை ரப்பர் வெட்டு. பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகப் போனால் சிரட்டையில் பால் விழாது. மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. இந்த வேலை செய்யும் கைகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, திருப்பனந்தாள் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி வரைகிற பெரியவரைப் பார்த்ததும் என் கண் முதலில் போனது அவர் விரல்கள்மேல்தான்.

அவர் கையில் இருந்தது மூங்கில் குச்சி. நுனி கூர், சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் இறுக்கியிருந்தார். சாயத்தில் தோய்த்து அந்தச் சுற்றை அழுத்தினால் நுனிக்குச் சாயம் இறங்குகிறது. அழுத்தம் பிசகினால் கோடு தடித்துவிடும். பனைவெல்லத்தையும் துருப்பிடித்த இரும்பையும் பல நாள் தண்ணீரில் ஊறப்போட்டு வடித்த சாயம் அது. துணியில் விழும்போது வெளிறித் தெரிந்த கோடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. துணியைக் கடுக்காயிலும் பாலிலும் முன்பே நனைத்துக் காயவைத்திருக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. பால், சாயம் பரவாமல் பார்த்துக்கொள்கிறது. சிவப்புக்கு வழி வேறு: படிகாரம் ஏறிய இடம் மட்டும் சாயவேர் கொதிக்கும் நீரில் சிவக்கும். வெளுக்காத இந்தச் சோழமண்டலக் கரைச் சாயத்துணிக்கு ஐரோப்பா மயங்கியது. உள்ளூர் நெசவைக் காப்பாற்ற 1686-இல் பிரான்சு இத்தகைய துணிகளுக்குத் தடையே போட்டது.

கொள்ளிடக் கரையில் உள்ள கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராத்திய மன்னர்களுக்காகச் சேலையும் தலைப்பாகையும் செய்தார்கள். சரிகை ஊடாடிய நெசவின்மேல் இதே கலம்காரிச் சாய வேலை. 1855-இல் அந்த அரசு முடிந்தது, வாங்க ஆளில்லை. சேலைகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. கோயில்தான் தொழிலைத் தாங்கியது. தேரில் தொங்கும் தொம்பை, விதானம், வாசல் தோரணம் என்று இன்றும் வரைவது பெரும்பாலும் சாமிக்குத்தான். கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காக்க அது உதவும். வேலை கொண்டுவர அது மட்டும் போதாது.

ஆடை வடிவமைப்பாளர் ரிது குமாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1944-இல் அமிர்தசரசில் பிறந்தவர். 1960-களில் கொல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில், மர அச்சுக் கைவினைஞர்கள் சிலரையும் இரண்டு மேசைகளையும் வைத்துத் தொடங்கினார். பழைய அச்சு வேலையை இன்றைய பெண்கள் உடுத்தும் சேலையாக, சல்வாராக மாற்றி, அதையே ஒரு பெரிய நிறுவனமாக வளர்த்தார். 2013-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் வாழ்க்கையில் நான் பெரிதாக நினைப்பது விருதை அல்ல. வடிவங்களை எடுத்துக்கொண்டு போய்விடாமல், அச்சு வைக்கிறவர்களோடு பல ஆண்டுகள் கூடவே வேலை செய்தார். தமிழகக் கலம்காரிக்கு அப்படி ஒருவர் வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இந்தக் கோடுகளைப் படம் பிடித்துப் போய் இயந்திரத்தில் அச்சடிப்பது இன்று எளிது. அதில் இந்தப் பெரியவருக்கு ஒரு காசும் வராது.

"சேலை வரைவீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"வரையலாம் தம்பி. அஞ்சரை மீட்டரையும் கையாலதான் வரையணும், நாள் ஆகும். ஒருதரம் வந்து நாலு சேலை வாங்கிட்டுப் போறவங்களை நம்பி என் பையனை இதுல உட்கார வைக்க முடியாது. வருசா வருசம் கேக்குற ஆள் இருந்தாச் சொல்லுங்க, பாதி முன்பணம் வேணும். ஐப்பசி, கார்த்திகையில மட்டும் கேக்கக் கூடாது, துணி காயாது."