சேவலை மாற்றிக்கொள்ளுங்கள்

“பன்னிரண்டு முட்டை அடை வைச்சா ஆறு, ஏழுதான் சார் பொரிக்குது. என்ன தீவனம் போடலாம்?”

மண் மாதிரி எடுக்கப் போகிற இடங்களில் இந்தக் கேள்வி வராத நாள் குறைவு. நான் படித்தது வேளாண்மை. கோழிக்கு வைத்தியம் பார்ப்பது கால்நடை மருத்துவரின் வேலை. ஆனால் இது பல வீடுகளில் வைத்தியப் பிரச்னையே இல்லை, விதைப் பிரச்னை. அதனால் வாய் திறக்கிறேன்.

முட்டை எத்தனை நாள் பழையது என்று முதலில் கேட்பேன். ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்த முட்டையும், சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கிடந்த முட்டையும் எந்தக் கோழிக்கும் சரியாகப் பொரிக்காது. அது சரியென்றால் அடுத்த கேள்வி: “சேவல் எங்கே வாங்கினது?”

“வாங்கலை சார், நம்ம வீட்டுல பொரிச்சதுதான்.”

“அதுக்கு முந்தின சேவல்?”

“அதுவும்தான்.”

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரே வீட்டில் அப்பன், மகள், அண்ணன், தங்கை என்று இணை சேர்ந்துகொண்டே வந்தால் முதல் ஒன்றிரண்டு தலைமுறையில் ஒன்றும் தெரியாது. பிறகு கூமுட்டை கூடும். குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகும். கால் விரல் கோணல், மெதுவான வளர்ச்சி, சின்ன நோய்க்கே படுத்துவிடுவது எல்லாம் பின்னால் வரும். தீவனத்தை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

நெல்லும் கம்பும் பயிர் செய்தவருக்கு இது எளிதில் புரியும். நெல் தன் பூவிலேயே தானாகச் சூல் கொள்ளும். ஒரு நல்ல கதிரிலிருந்து விதை எடுத்துப் பெருக்கினாலும் மோசமில்லை. கம்பு பக்கத்துச் செடியின் மகரந்தத்தில் காய்ப்பது. நாட்டுக் கம்பில் ஒரே கதிரிலிருந்து வருஷா வருஷம் விதை எடுத்தால் பயிர் நோஞ்சானாகிவிடும். அதனால்தான் பல கதிர்களைப் பொறுக்கிக் கலந்து வைத்தார்கள். கோழி கம்பு ஜாதி.

பெட்டை நிறைய இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வம்சத்தைப் பொறுத்தவரை உங்களிடம் உண்மையில் எத்தனை கோழி இருக்கிறது என்பதை அது சொல்லும். 1 சேவல், 10 பெட்டை என்றால் விடை 3.6. அதே ஒரு சேவலுக்கு 100 பெட்டை வைத்தாலும் 4-ஐத் தொடாது. 3 சேவல், 10 பெட்டை என்றால் 9-ஐத் தாண்டிவிடும். பெட்டையைக் கூட்டுவதைவிடச் சேவலைக் கூட்டுவதில்தான் பலன்.

முன்பு யாரும் இந்தக் கணக்குப் போடவில்லை, ஆனால் கணக்கு தானாக நடந்தது. அவயம் வைக்க நாலு வீட்டில் முட்டை கேட்டு வாங்கினோம். கோழியை வாரத்துக்கு விட்டு, குஞ்சில் பாதி பிரித்துக்கொண்டோம். தாய்வீட்டிலிருந்து வரும் பெண் கூடையில் ஒரு விடைக்கோழி கொண்டுவந்தாள். இப்போது கம்பி வலைக்குள் தனித்தனியாக வளர்க்கிறோம். இருப்பதில் நல்ல சேவலைக் கோவில் நேர்த்திக்கோ வியாபாரிக்கோ கொடுத்துவிட்டு, மிச்சத்தை விதைக்கு விடுகிறோம். விதைநெல்லில் நாம் இப்படிச் செய்வதில்லை.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் இன்னும் மோசம். நாற்பதில் நாலு மிஞ்சும், அந்த நாலிலிருந்தே மறுபடி பெருக்குவோம். மிஞ்சிய பெட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள், சேவலை மட்டும் வேறு ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். ஏழாம் நாள் சொட்டு மருந்தும் எட்டாவது வாரம் இறக்கையில் ஊசியும் போட்டிருந்தால் இந்த நிலையே வராது.

வண்டியில் கூவி விற்கும் குஞ்சுகளை வாங்கிக் கலப்பதற்கு நான் ஆதரவில்லை. நிறம் நாட்டுக்கோழி மாதிரி இருக்கும். ஆனால் அவற்றில் பல, பெட்டையானதும் அடைக்கு உட்காராது. சிறுவிடையின் பெரிய சொத்தே அடை உட்கார்ந்து, குஞ்சைப் பருந்திடமிருந்து காப்பாற்றுவதுதான். அது போய்விட்டால் இன்குபேட்டர் வாங்க வேண்டும்.

நான் சொல்லும் ஏற்பாடு சுலபமானது. ஒரே வகைக் கோழி வைத்திருக்கும் மூன்று வீடுகள் சேருங்கள். பெட்டைக் குஞ்சுகள் பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும். சேவல் குஞ்சு மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்கு, அங்கிருந்து வடக்குத்தெருவுக்கு, அங்கிருந்து மேலத்தெருவுக்கு என்று ஒரே திசையில் சுற்றட்டும். திசையை மாற்றக் கூடாது. ஒரே தாயின் குஞ்சுகளையே எல்லா வருஷமும் அனுப்பக் கூடாது. எந்த வீட்டுக் குஞ்சு என்று தெரிய காலில் வண்ண வளையம் போடுங்கள். கால் பருக்கப் பருக்க வளையத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் சதையில் இறங்கிவிடும்.

வந்த சேவலை மூன்று வாரம் தனியே கட்டிவைத்து, குடற்புழு மருந்து கொடுத்துப் பிறகு விடுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரம்வரை தங்கியிருக்கும். ஆகவே பழைய சேவலை அப்புறப்படுத்தி மூன்று வாரம் போகும்வரை விழும் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு விழுவதை அடை வையுங்கள்.