பச்சைப் புள்ளி

கும்பகோணத்து மெடிக்கல் ஷாப் ஒன்றில், மாலைக் கூட்ட நேரம். கல்லாவுக்கு எதிரே, கண் படுகிற உயரத்தில் ஞாபகசக்தி பாட்டில்களை அடுக்கியிருக்கிறார்கள். காய்ச்சல் மாத்திரை உள்ளே எங்கோ இழுப்பறையில் கிடக்கிறது.

பெரியவருக்கு எழுபத்தைந்து இருக்கலாம். தேய்த்த அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மருந்துச் சீட்டோடு ஓர் அர்ச்சனைச் சீட்டையும் நீட்டினார். அதன் பின்புறம் குண்டு குண்டான வாத்தியார் எழுத்தில் ஒரு பெயர்.

"மெட்ஃபார்மின், கேஸ் மாத்திரை, ஆஸ்பிரின். எப்பவும் வாங்குறதுதானே சார்?"

"பத்துப் பன்னெண்டு வருஷமா அதேதான். பின்னாடி எழுதியிருக்கிறதையும் எடு தம்பி. மாப்பிள்ளை சொன்னார்."

ஜிங்கோ என்ற மூலிகையும் நீர்ப்பிரமியும் கலந்த காப்ஸ்யூல். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பாட்டிலை மூக்கருகே பிடித்து மெல்லச் சுற்றினார். விலையைப் பார்க்கவில்லை. பச்சைப் புள்ளியைத் தேடினார்.

"மேலுறை ஜெலட்டினா? எலும்புலேர்ந்து எடுக்கறதாமே. நான் முட்டைகூடத் தொட்டதில்லை."

"சைவம்தான் சார். இதோ புள்ளி."

"அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துடறார். போன வாரம் பேத்தி பேரே வரலை" என்றார் கூட வந்த அம்மாள், யாரையும் பார்க்காமல். பெரியவர் காதில் விழாதவர்போல நோட்டுகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

படியிறங்குகையில், செருப்புக்குள் கால் நுழைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

வாய்வரை வந்தது. மருந்துக் கடையில் பக்கத்தில் நிற்பவன் வைத்தியம் சொன்னால் யார் கேட்பார்கள்? சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும், வயிற்று அமிலத்தை அடக்கும் மாத்திரையும் நெடுங்காலம் உள்ளே போனால் பி12 சத்து குறையலாம். அந்தச் சத்து இயல்பாக இருப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் வகைகளில். முட்டையும் தொடாதவருக்குப் பாலும் தயிரும்தான் கதி. பி12 குறைந்தால் மறதி வரும், பாதமும் மரத்துப்போகும். அவருக்கு அதுதான் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? வயோதிக மறதிக்கு வேறு காரணங்கள் எத்தனையோ. ஆனால் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய காரணத்தை முதலில் பார்க்க வேண்டாமா?

ஜிங்கோவின் கதை வேறு. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள்: டிமென்ஷியா என்ற மறதி நோயை அது தடுக்கவில்லை. ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதைத் தொடுமுன் ரத்தக்கசிவை நினைத்துப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் உண்டு. தினமும் ஒரு மல்டிவைட்டமினால் முதியவர்களுக்குச் சிறிது பலன் தெரிந்ததாக 2022-ல் இன்னோர் ஆய்வு வந்தது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, மறதி நோயைத் தவிர்ப்பதற்கென்று பி, இ வைட்டமின்களைப் பரிந்துரைக்க வேண்டாம் என்பதே. குறைபாடு இருப்பவருக்குக் கொடுப்பது தனி விஷயம்.

என் முறை வரும்வரை அதே பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் பளபளவென்று மூளைப் படம். பின்னால், பச்சைப் புள்ளியைவிடச் சின்ன எழுத்தில், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. இந்தியச் சட்டப்படி போட்டே ஆக வேண்டிய வரி அது.

பி12 அளவு ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ போதும். வீட்டில் வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.