அவஸ்தை பூசுதல்

என் சிறு வயதில் அதற்கு ‘அவஸ்தை பூசுதல்’ என்றுதான் பெயர். சாமியார் எண்ணெய்ச் செப்போடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், தெருவில் நிற்பவர்கள் “சரி, முடிஞ்சுது” என்று சொல்லிவிடுவார்கள். பிறகு 1972-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அந்தச் சடங்கைத் திருத்தினார். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றிலும் பூசியது போய், நெற்றியிலும் கைகளிலும் மட்டும் என்று ஆனது. பெயரும் ‘நோயில் பூசுதல்’ ஆயிற்று. கடும் நோயாளிக்கும் மூப்பில் தளர்ந்தவருக்கும் கொடுக்கலாம், சாகும்வரை காத்திருக்க வேண்டாம் என்று கோவிலில் பிரசங்கமும் வைத்தார்கள். நானும் உட்கார்ந்து கேட்டேன்.

கேட்டு என்ன? 1987 தவக்காலத்தில் அப்பா பாளையங்கோட்டை வீட்டில் படுத்துவிட்டார். வயிற்றில் புற்று. டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“ஏல, சாமியார்ட்ட சொன்னியா?”

“இப்பவே என்னத்துக்கு அத்தை? சாமியாரப் பாத்தா அப்பா மனசு விட்டுருவாங்க.”

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அப்பா கஞ்சி குடித்தார், பேப்பரை வாசித்துக் காட்டச் சொன்னார். சாயங்காலம், “இந்த வாரம் நன்மை வாங்கல” என்று ஒரு முறை சொன்னார். நான் “குணமானதும் போவோம்” என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனதுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. பயந்தது நான்தான்.

புதன் இரவு பேச்சு நின்றது. வியாழன் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அத்தை அதற்குள் ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, தீர்த்தம், பஞ்சு எல்லாம் வைத்திருந்தாள். எங்கிருந்து எடுத்தாளோ, எத்தனை நாளாகத் தயாராக வைத்திருந்தாளோ.

சாமியார் நற்கருணையும் கொண்டுவந்திருந்தார். முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். அது கடைவாயில் வழிந்தது. நற்கருணைப் பெட்டியைத் திறக்காமலே துணியில் வைத்தார். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி, பாவமன்னிப்பும் கொடுத்தார். வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்து, “சாகிறவங்களுக்குக் கடைசித் தேவதிரவிய அனுமானம் பூசுதல் இல்லப்பா, நன்மைதான். வழிக்குக் கட்டிக் கொடுக்கிற சாப்பாடு அது. ரெண்டு நாள் முந்திச் சொல்லியிருக்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போகும்போது, “காது கேக்கும்னு நினைச்சே செபம் சொல்லுங்க” என்றார். நாங்கள் செபமாலை தொடங்கினோம். என் மனைவியும் நானும் ‘அருள் நிறைந்த மரியே’ என்று புது மொழிபெயர்ப்பில் சொன்னோம். அப்பாவிடம் அசைவே இல்லை. அத்தை சட்டென்று எங்களை நிறுத்தி, அவர் காதருகே குனிந்து, அவர்கள் இருவரும் சிறு பிள்ளையில் படித்த பிரியதத்த மந்திரத்தைப் பழைய வார்த்தைகளிலேயே சொன்னாள். மரண நேரம் என்று வரும் இடத்தில் அப்பாவின் உதடு அசைந்தது. சத்தமில்லை. ஆனால் அசைந்தது, நான் பார்த்தேன். அதன் பிறகு அத்தை மட்டும்தான் முந்திச் சொன்னாள், நாங்கள் தட்டுத்தடுமாறிப் பின்னால் சொன்னோம். மதியம் மூச்சு அடங்கியது.

எனக்கு இப்போது எழுபத்தாறு. போன வாரம் மகளிடம் சொன்னேன்: “எனக்கு முடியாமப் போனா, கஞ்சி குடிக்கிற அன்னைக்கே ஃபாதருக்குப் போன் பண்ணிரு. தொண்டை அடைச்ச பிறகு வேண்டாம்.”

“இப்பவே என்னப்பா அந்தப் பேச்சு?” என்றாள்.

ஃபாதர் நம்பரை அவள் போனில் நானே பதிந்து கொடுத்துவிட்டேன்.