தாய்ச்செடிக்கு ஓய்வு

ஆய்வேட்டின் நான்காம் இயலைச் சென்ற வாரம் நெறியாளரிடம் ஒப்படைத்தேன். அதிலுள்ள உறவுப்பெயர் அட்டவணையில் மூன்று கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. "தரவு கிடைக்கவில்லையா, கேட்கவில்லையா?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். கேட்பதை நிறுத்திக்கொண்டேன் என்பதே உண்மையான விடை. அதை அடிக்குறிப்பில் அடக்க முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அசாமின் ஜோர்ஹாட் மாவட்டத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டம் என் கள ஆய்விடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்திலிருந்து கூட்டிவரப்பட்ட தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். லைன் வீடுகளில் இன்று ஒலிப்பவை சாத்ரியும் அசாமியும். நான் தங்கியிருந்த லைனில் முண்டாரியைத் தடையின்றிப் பேசக்கூடியவராக ஒருவரே இருந்தார். எழுபது வயதைக் கடந்தவர்; கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். அங்குள்ள எல்லாரையும் போல நானும் அவரை ஆஜி, அதாவது பாட்டி, என்றே அழைத்தேன்.

உதவித்தொகை முடியப் பதினொரு மாதங்களே இருந்தன. நாள்தோறும் காலையில் ஆஜியின் திண்ணையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு மூன்று மணிநேரம் கேள்வி கேட்பேன். அடிப்படைச் சொற்பட்டியல் முடிந்தது, வினைவடிவங்கள் முடிந்தன, உறவுப்பெயர்களுக்கு வந்தோம். அக்காளின் கணவரை எப்படி அழைப்பீர்கள்? தம்பியின் மனைவியை? அம்மாவின் தங்கையை? ஒவ்வொரு சொல்லையும் மும்முறை ஒலிக்கச் சொல்வேன். ஐந்தாவது வாரத்தின் நடுவில் ஒருநாள் ஆஜி கருவியைப் பார்த்தபடியே பேசாதிருந்தார். பிறகு சாத்ரியில், "சொல் தீர்ந்துவிட்டது" என்றார். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவ்வாறே. காலஅட்டவணை குலைந்துவிடுமே என்று நெறியாளருக்கு அன்றிரவு நீண்டதொரு மின்னஞ்சல் எழுதினேன். ஆஜிக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அந்த மின்னஞ்சலில் எங்குமே இல்லை.

ஆஜியின் மருமகள் தோட்டத்தின் நாற்றங்காலில் வேலை செய்பவர். நான் தீதி என்று அழைப்பேன். மூன்றாம் நாள் அவர் என்னை நாற்றங்காலுக்கு அழைத்துச் சென்றார். ஏப்ரல் மாத இறுதி. வெட்டுத்துண்டுகள் எடுக்கும் பருவம்.

தேயிலை அயல்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. விதையிலிருந்து முளைக்கும் செடி தாயைப் போலவே இருக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே, தேர்ந்தெடுத்த செடியின் பண்பு மாறாமல் பெருக்க ஒற்றை இலைத் துண்டுகளை வேர்விடச் செய்கிறார்கள். 1911இல் ஜோர்ஹாட்டில் தொடங்கப்பட்ட டோக்லாய் ஆராய்ச்சி நிலையம் இவ்வாறு உருவாக்கிய முதல் இரகங்களை 1949இல் வெளியிட்டது. அவற்றைக் குளோன் என்பார்கள். கிரேக்கத்தில் சிறுகிளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து 1903இல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற தாவரவியலாளர் ஆக்கிய கலைச்சொல் அது. சொல்லின் வரலாறு எனக்குத் தெரிந்திருந்தது. செடியைத்தான் தெரிந்திருக்கவில்லை.

தாய்ச்செடிகள் தனிப்பாத்தியில் நின்றன. அவற்றில் எவரும் கொழுந்து பறிப்பதில்லை. குளிர்காலத்தில் கவாத்து செய்து, நான்கைந்து மாதங்கள் தடையின்றி வளரவிட்டிருந்தார்கள். மண் அமிலத்தன்மை உடையதாக, சுட்டெண் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். வேரடியில் நீர் தேங்கக் கூடாது. இவை எல்லாம் துண்டு எடுப்பதற்கு வெகுமுன்பே நடக்கும் வேலைகள். எடுக்கும் நாளிலும் கட்டுப்பாடுகள் உண்டு. நுனிப்பகுதி மிக இளசு, அழுகிவிடும். அடிப்பகுதி முற்றியது, வேர்விடத் தயங்கும். நடுப்பகுதியிலிருந்து ஓர் இலையும் அதன் கக்கத்து மொட்டும் கொண்ட துண்டைத்தான் எடுக்க வேண்டும்; அதுவும் வெயில் ஏறுமுன். தீதி ஒவ்வொரு செடியிலும் ஓரிரு கிளைகளைத் தொடாமல் விட்டுவந்தார். ஏன் என்று கேட்டேன். "அது உயிர்வாழ வேண்டாமா?" என்றார்.

பாத்தியின் கோடியில் ஒரு செடி மெலிந்து, பருவமல்லாத பருவத்தில் பூமொட்டு விட்டிருந்தது. முந்திய ஆண்டு ஒப்பந்த எண்ணிக்கையை நிரப்புவதற்காக அதிலிருந்து அடுத்தடுத்து இருமுறை வெட்டினார்களாம். "இதிலிருந்து இப்போதும் துண்டு எடுக்கலாம். நட்டால் வெறும் குச்சியாக நிற்கும்." இவ்வளவும் சொல்லிவிட்டுத் தீதி கையைக் கழுவிக்கொண்டு, உவமை எதையும் துணைக்கு அழைக்காமல் நேரடியாகச் சொன்னார்: "நீங்கள் போன பிறகு அம்மா இரவில் உறங்குவதில்லை. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பெயருக்கும் உரியவர் இறந்துவிட்டார். அவர்களை மும்முறை கூப்பிடச் சொல்கிறீர்கள்."

ஒப்புதல் படிவத்தில் ஆஜியின் கைநாட்டு இருந்தது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருந்தது. அவற்றில் எதுவும் இதற்கு விடையாகவில்லை. எனக்கு அட்டவணையின் ஒரு கட்டமாக இருந்தது, அவருக்கு அக்காள். அவர் கடைசியாக முண்டாரியில் பேசியது அந்த அக்காளிடம்தான் என்று தீதி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். திண்ணைக்கு வெறுங்கையுடன் போய் அமர்ந்திருப்பேன். சில நாள் பேச்சு, பல நாள் தேநீர் மட்டும். ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறொரு தோட்டத்தில் ஆஜியின் இளமைக்காலத் தோழி இருப்பதைத் தீதி அப்போதுதான் நினைவுகூர்ந்தார். முழங்கால் வலியும் பேருந்து மாறும் சிரமமும் அவர்களைப் பல ஆண்டுகள் பிரித்து வைத்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ அமர்த்தி ஆஜியை அங்கே அழைத்துச் சென்றேன்.

மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தமிழில் கேட்பவரையும் உளப்படுத்த 'நாம்', விலக்க 'நாங்கள்' என்கிறோம். முண்டாரி அதே வேறுபாட்டை இருமையிலும் காட்டும். கேட்பவரை உளப்படுத்திய 'நாம் இருவர்' அலங். விலக்கிய 'நாங்கள் இருவர்' அலிங். ஐந்து வாரப் பதிவில் அலங் என்ற வடிவம் நான் கேட்ட வினாவுக்கு விடையாக மட்டுமே வந்திருக்கிறது. ஆஜி தம் கதையைச் சொன்னபோதெல்லாம் அலிங்தான்: அக்காளும் நானும், அவரும் நானும். கேட்டுக்கொண்டிருந்த நான் அந்த இருவரில் ஒருத்தி இல்லை, இருக்கவும் முடியாது. அன்று தோழியின் வாசலில் இறங்கி, அவர் கையைப் பற்றியபடி ஆஜி பேசிய முதல் சில வாக்கியங்களுக்குள்ளேயே அலங் வந்துவிட்டது. எவரும் கேட்காமல் வந்தது. கருவி என் அறையில் பூட்டிய பெட்டியில் இருந்தது. அதற்காக நான் வருந்தவில்லை என்று சொன்னால் பொய், சிறிது வருந்தினேன்.

மூன்றாவது சந்திப்பில் ஆஜியே, "உன் மெஷின் எங்கே?" என்று கேட்டார். அதன்பின் பதிவானவை குறைந்த மணிநேரங்களே. ஆயினும் என் ஆய்வேட்டின் சிறந்த எடுத்துக்காட்டுகள் எல்லாம் அவற்றிலிருந்து வந்தவை. உறவுப்பெயர்களை மட்டும் நான் மீண்டும் எடுக்கவில்லை.

மனிதர் செடி அல்லர். மொழியும் தாயைப் படியெடுத்த நகலாகப் பெருகுவதில்லை. உவமையை இதற்குமேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. களத்துக்குப் புறப்படும் இளையோருக்கு ஒன்று மட்டும் சொல்வேன். உங்கள் திட்ட முன்வரைவில் எத்தனை மணிநேரம் பதிவு செய்வீர்கள் என்று எழுதும் இடத்திலேயே, எத்தனை நாள் எதையும் எடுக்காமல் இருப்பீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

நெறியாளருக்கு இன்று விடை எழுதிவிட்டேன். அந்த மூன்று கட்டங்களும் அப்படியே இருக்கும்.