மோர்ச்சா முதலில்

காலாட்படையில் சேரப் போகிறேன் என்று வரும் பிள்ளைகள் சண்டையைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் மோர்ச்சாவில், அதாவது பதுங்கு குழியில் இருந்து ஆரம்பிப்பேன். 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் நடந்த போரில் ஷகர்கர் பகுதியில், மெட்ராஸ் ரெஜிமென்டின் சாதாரண ஜவானாக நின்றவன் நான். அங்கே முதல் ராத்திரி முதல் கடைசி ராத்திரி வரை என் கையை விட்டு அகலாதவை இரண்டு: ரைஃபிள், பெல்ச்சா என்கிற மண்வாரி. ரைஃபிளைச் சுடாத நாள் உண்டு. பெல்ச்சாவால் மண் அள்ளாத நாள் இல்லை.

வெலிங்டனில், ரெஜிமென்ட் மையத்தில் பெற்ற பயிற்சி எங்களை ஜவான் ஆக்கியது. தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் பட்டாலியனில் எங்களுக்கு வாய்த்த செக்‌ஷன் கமாண்டர். ஹவில்தார், 1965 சண்டையைப் பார்த்தவர். எங்கள் ரெஜிமென்ட்காரர்களை ராணுவம் முழுக்கத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடும். அவருக்கும் தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடன் எல்லோரும் தம்பிதான். தோண்டும்போது கெயிந்தி என்கிற குந்தாலியைத் தலைக்கு மேல் ஓங்கவே மாட்டார். தோள் உயரத்தில் இருந்து விழும், ஒரே இடத்தில் விழும். மூச்சு மிச்சமாகும், இருட்டில் பக்கத்து ஆளின் மண்டையும் தப்பும். அவர் கையைப் பார்த்தே பாதி படித்தோம்.

புது இடத்துக்குப் போனால் தேநீர் கிடையாது, பீடி கிடையாது. படுத்தால் உடம்பு மறையும் அளவுக்கு ஒன்றரை அடிப் பள்ளம் முதலில். பிறகு இரண்டு பேர் நிற்க ஆறடி நீளம், இரண்டடி அகலம், நெஞ்சு வரை ஆழம். ஒரு மூலையில் ஒடுங்கிய குழி ஒன்று. கையெறி குண்டு உள்ளே விழுந்தால் அதில் உதைத்துத் தள்ள. முன்னால் போடும் மண் அணை உயரமாக இருக்கக் கூடாது, கனமாக இருக்க வேண்டும். தளர்ந்த மண்ணைத் தோட்டா துளைத்துவிடும். மிதித்து மிதித்து மூன்றடி கனம் ஏற்ற வேண்டும்.

எங்களில் ஒருவன் அழகாகத் தோண்டிவிட்டு நிமிர்ந்தான். ஹவில்தார் குறை சொல்லவில்லை. “தம்பி, நூறு கஜம் முன்னால போ. இப்ப நீதான் எதிரி. உன் மோர்ச்சாவை அங்கிருந்து பார்த்துட்டு வந்து சொல்லு” என்றார். போனவன் திரும்பி வந்து பேசாமல் புல் வெட்ட ஆரம்பித்தான். ஈரமான புதுமண் காய்ந்த வயலில் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. வேரோடு பெயர்த்த புல்லால் அணையை மூடினான். அன்றிலிருந்து எங்கள் செக்‌ஷனில் தோண்டி முடித்த யாரும் எதிரிப் பக்கம் போய்ப் பார்க்காமல் பெல்ச்சாவைக் கீழே வைத்ததில்லை.

அடுத்தது ரைஃபிள். எங்களிடம் இருந்தது 7.62 எஸ்எல்ஆர், மேகசினுக்கு 20 தோட்டா. செக்‌ஷன் முழுக்க ஒரே நேரத்தில் ஆயுதத்தைப் பிரிக்கக் கூடாது. பாதிப் பேர் பிரித்தால் பாதிப் பேர் காவல். குழல் துடைக்கும் கயிறான ஃபுல்த்ரூவில் துணித் துண்டைக் கோத்துக் குழலுக்குள் இழுத்தால், துணி அழுக்கில்லாமல் வரும் வரை இழுக்க வேண்டும். எண்ணெய் அதிகம் பூசுகிறவன் ஆயுதத்தைக் காப்பதாக நினைக்கிறான். வயல் புழுதி எண்ணெயில் ஒட்டி, போல்ட் இறுகிவிடும். விரலில் பூசித் துடைத்தபின் மிஞ்சுகிற பளபளப்பு போதும். இரண்டு மூன்று தோட்டாவுக்குப் பிறகு ரைஃபிள் தானே அடுத்ததை ஏற்றாமல் நின்றால் பதறாதீர்கள். கேஸ் ரெகுலேட்டரை ஒரு கட்டம் இறுக்கினால் பிஸ்டனுக்குக் கூடுதல் உதை கிடைக்கும். இதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பழக வேண்டும். வேண்டிவரும் நேரம் பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும்.

இருட்டில் எல்லோருக்கும் குறி மேலே ஏறும். அதற்கு ஹவில்தார் சொன்ன வைத்தியம் சில குச்சிகள். பகல் வெளிச்சத்திலேயே, சுட வேண்டிய எல்லைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று நட்டுவிட வேண்டும். குழல் அதிகம் மேலெழாதபடி அதன்மேல் குறுக்கே ஒரு குச்சி கட்ட வேண்டும். ராத்திரி ரைஃபிள் அந்தச் சட்டத்துக்குள்தான் திரும்பும். பக்கத்து மோர்ச்சாக்காரன் நம் தோட்டாவில் இருந்து தப்புவதும் அதனால்தான். காவல் நிற்கும்போது ஒரு பொருளை நேராக முறைக்காமல், சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்தால் அது துலங்கும். வாயை லேசாகத் திறந்து வைத்தால் காது கூர்மையாகும். ஷகர்கர் மூடுபனியில் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்தது. எதிரி மோர்ட்டார்க் குழாயில் ‘தொப்’ என்ற சத்தம் கேட்டால், குண்டு தலைக்கு வர இன்னும் சில நொடி இருக்கிறது. குழிக்குள் அமர அது போதும்.

காலைக் கவனிக்காதவன் காலாள் ஆக முடியாது. இரண்டு பூட்ஸையும் ஒன்றாகக் கழற்றக் கூடாது. ஒரு காலைக் கழற்றி, துடைத்து, பவுடர் போட்டு, மாட்டிய பிறகே அடுத்தது. மாற்று சாக்ஸ் பையில் இருக்கக் கூடாது. சட்டைக்குள் நெஞ்சோடு இருந்தால் உடல் சூட்டில் காயும். காயத்துக்குக் கட்டும் ஃபீல்டு டிரெஸிங்கை எல்லோரும் அவரவர் உடையில் ஒரே இடத்துப் பையில் வைத்திருக்க வேண்டும். அடிபட்டவனுக்கு அவனுடையதை எடுத்துத்தான் கட்ட வேண்டும். இரக்கப்பட்டு உன்னுடையதைக் கொடுத்தால், உனக்கு அடிபடும்போது கட்ட வருகிறவன் வெறும் பையில் துழாவுவான்.

டிசம்பர் 15 ராத்திரி பசந்தர் ஆற்றைக் கடந்து, 16-வது மெட்ராஸ் சராஜ் சக்கைப் பிடித்தது. 3-வது கிரனேடியர்ஸ் ஜர்பாலைப் பிடித்தது. ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற எங்கள் ரெஜிமென்ட் முழக்கம் ஊரறிந்தது. முழக்கம் ஓய்ந்த மறுநிமிடம் தொடங்கும் வேலையைத்தான் கற்க வருகிறவன் நினைவில் வைக்க வேண்டும். கண்ணிவெடி வயலில் சாப்பர்கள் என்கிற பொறியாளர் படையினர் பாதை திறந்து முடிக்கும் வரை நம் டாங்கி ஆற்றைத் தாண்டி வராது. எதிரியின் எதிர்த்தாக்குதலோ விடியும்போதே வரும். இடையில் காலாளுக்குத் துணை அவன் தோண்டும் பள்ளம் ஒன்றுதான். தூக்கமில்லை, கை கொப்புளித்திருக்கிறது, பக்கத்தில் இருந்தவன் இப்போது இல்லை. அப்போதும் தோண்ட வேண்டும். 16-ம் தேதி எதிரி டாங்கிகள் திரும்பத் திரும்ப வந்தன. செகண்ட் லெப்டினன்ட் அருண் கேதர்பால் தன் டாங்கியிலேயே உயிர் கொடுத்தது அன்றுதான். ஜர்பாலில் மேஜர் ஹோஷியார் சிங் காயத்தோடு மோர்ச்சா மோர்ச்சாவாகப் போய் ஆட்களைத் தேற்றியது 17-ம் தேதி. இருவருக்கும் பரம்வீர் சக்ரா. அந்தப் பெயர்களுக்கு என் சல்யூட் என்றும் உண்டு. பெயர் வெளியே வராத ஜவான்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டிய மோர்ச்சாக்களும் அந்த வெற்றியின் பங்காளிகள் என்பது என் அனுபவம்.

17-ம் தேதி இரவு 8 மணிக்குப் போர் நிறுத்தம். எல்லோரும் சாயப் போனோம். “முதல்ல ஆயுதம், தம்பி” என்றார் ஹவில்தார். பாதிப் பேர் பிரித்தோம், பாதிப் பேர் காவல் நின்றோம், போர் நடந்த ராத்திரிகளில் செய்த அதே ஒழுங்கில்.

வீரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரம் வந்தால் அது பெரும்பாலானவர்களிடம் வந்தே தீரும்; பார்த்திருக்கிறேன். களைத்து விழும் நேரத்திலும் சின்ன வேலையை முழுசாகச் செய்யும் பொறுமைதான் தானாக வராது. அதைப் பழக்கிக்கொள்ள வேண்டும். போகிற பிள்ளைகள் இன்றே ஒரு பெல்ச்சாவை எடுங்கள். ஊர் மண்ணில் நெஞ்சு ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். தோண்டி முடித்ததும் நூறு கஜம் தள்ளிப் போய்த் திரும்பிப் பாருங்கள். கண்ணில் பட்டால், வந்து சரிசெய்யுங்கள்.