வீட்டுக் காற்றும் தொட்டி நீரும்

கடற்காற்றிலே வளர்ந்தவர்களுக்குக் கடலில்லா ஊர் எத்தனை வசதி நிறைந்ததாயினும் ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். மண்டபத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் அன்னையார் முதுமையில் எங்களுடன் பிரேசர் டவுனுக்கு வந்து சேர்ந்தபோது, பெங்களூரின் குளிர்ச்சியை எல்லோரும் புகழ்ந்தனர். அவர் மட்டும் மௌனமாயிருந்தார். அவர் பொருட்டே எங்கள் கூடத்தில் 200 லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்தோம்.

வடிகட்டிய நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவையைக் கரைத்து நிரப்பினோம். செயற்கைப் பாறைகள், சில நத்தைகள், பொரிப்பகத்தில் பிறந்த ஒரு ஜோடி கோமாளி மீன்கள், பாறைமேல் இளஞ்சிவப்பாய்ப் படரும் சுண்ணாம்புப் பாசி ஆகிய இவையே எங்கள் கடல். பவழம் வைக்கவில்லை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 ஆம் ஆண்டு முதல் கற்பவழங்களுக்குப் புலிக்குரிய காப்பே உண்டு. மன்னார் வளைகுடாவில் பவழப் பாறையை வெட்டிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய பழங்காலத்தை நேரில் கண்ட அன்னையார், "இனியாவது அது கடலிலேயே இருக்கட்டும்" என்றார்.

மார்கழி பிறந்தது. அன்னையாருக்கு இருமல் கண்டது. பனிக்கும் தெருப்புழுதிக்கும் அஞ்சிச் சன்னல்களை எல்லாம் இறுக அடைத்தோம். விடுமுறைக்கு உறவினரும் வந்து தங்கினர். பத்து நாட்களில் பாசியின் நிறம் வெளுத்தது, நத்தைகள் சோர்ந்தன. நீரின் பி.எச். அளவைச் சோதித்தோம். இவ்வளவு முறையை 1909 இல் டென்மார்க்கைச் சேர்ந்த சோரென்சன் வகுத்தார். அதில் 7 நடுநிலை. அதற்கு மேற்பட்டது காரம், கீழ்ப்பட்டது அமிலம். கடல்நீர் 8.1 அல்லது 8.2 இல் நிற்க வேண்டும். எங்கள் தொட்டியோ விடியற்காலையில் 7.7 காட்டியது. மீன்கள் இதனைத் தாங்கும். ஆனால் சுண்ணாம்பைக் கொண்டு ஓடும் உடலும் கட்டும் உயிர்களுக்கு இது துன்பமே.

கடைக்காரர் ஒருவர் கூறியபடி காரப்பொடியை வாங்கிக் கரைத்தோம். அன்று மாலை அளவு உயர்ந்தது. மறுநாள் மீண்டும் தாழ்ந்தது. மீண்டும் இட்டோம். இவ்வாறு ஒரு வாரம் சென்றபின் பார்த்தால், நீரின் காரத்தாங்குதிறன் டிகேஎச் கணக்கில் 8 இலிருந்து 13 ஆக ஏறியிருந்தது. வெந்நீர்க் கோலின்மேல் வெண்மையான ஓடு படிந்திருந்தது. பி.எச். மட்டும் நிலைகொள்ளவில்லை. நத்தைகளில் இரண்டு இறந்தன. நோய் இன்னதென்று அறியுமுன் மருந்திட்ட பிழை எங்களுடையதே.

பின்னர்ச் சிறிது சிறிதாக நீரை மாற்றித் தாங்குதிறனை 9க்குக் கொணர்ந்து, ஒரு சோதனை செய்தோம். தொட்டி நீரை இரு குவளைகளில் எடுத்தோம். ஒன்றை வீட்டினுள் வைத்தோம். மற்றொன்றை மாடி முகப்பில் திறந்த வெளியில் வைத்தோம். இரண்டிலும் சிறு காற்றுக் கருவியால் ஒரு மணி நேரம் குமிழி விட்டோம். வீட்டினுள் இருந்தது 7.8, வெளியில் இருந்தது 8.2! குற்றம் நீரில் இல்லை. நாங்கள் சுவாசிக்கும் காற்றிலேயே இருந்தது. இரு குவளைகளிலும் அளவு ஒருங்கே உயர்ந்திருந்தால், தொட்டியில் நீர் போதிய அளவு அலைக்கப்படவில்லை என்று பொருள்.

காரணம் எளியது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு உள்ளது. கதவடைத்த வீட்டில் பலர் உறங்கினால் அது 1000 பங்கை எளிதில் தாண்டும். அவ்வாயு நீரில் கரைந்து அமிலமாகிறது. பகலில் பாசிகள் ஒளியின் துணையால் அதனை உட்கொள்வதால் அளவு ஏறும். இரவில் எல்லா உயிரும் மூச்சுவிடுவதால் இறங்கும். ஆகவே, நாள்தோறும் ஒரே வேளையில் சோதிப்பதே முறை.

நாங்கள் செய்த மாற்றங்கள் மூன்று. காலை 5 மணி முதல் 8 மணி வரை, போக்குவரத்துப் பெருகுமுன், சன்னல்களைத் திறந்துவைத்தோம். நுரை எடுக்கும் கருவியின் காற்றுக் குழாயைச் சன்னல் வழியே வெளியே நீட்டி, வாயில் மெல்லிய வலை கட்டினோம். ஆவியாகும் நீருக்கு ஈடாக, தூய சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரை இரவில் சொட்டுச் சொட்டாக விட்டோம். அதன் பி.எச். சுமார் 12 ஆதலால் ஒரேயடியாக ஊற்றலாகாது. வெற்றிலைச் சுண்ணாம்பும் உதவாது. மூன்று வாரங்களில் விடியற்கால அளவு 8.1 இல் நிலைத்தது.

பிரேசர் டவுன் ஏன் எழுந்தது என்பதை அப்போதுதான் நினைவுகூர்ந்தோம். 1898 இல் பெங்களூரைப் பிளேக் நோய் வாட்டியது. நெருக்கமும் இருளும் நிறைந்த தெருக்களிலிருந்து மக்களை விடுவித்து, காற்றும் வெளிச்சமும் உள்ள வீடுகளில் குடியமர்த்தவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியை வகுத்தனர். காற்றுக்கென்று அமைத்த ஊரில் குடியிருந்துகொண்டு நாங்கள் காற்றையே அடைத்துவைத்தோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனிதர் எரிக்கும் கரியும் எண்ணெயும் விடும் வாயுவால், தொழிற்புரட்சிக்குப் பின் உலகக் கடல்களின் மேல்மட்ட பி.எச். ஏறத்தாழ 8.2 இலிருந்து 8.1க்குத் தாழ்ந்துவிட்டது. சிறிய எண்ணாகத் தோன்றினும் அமிலத்தன்மையில் இது சுமார் 30 சதவீத உயர்வாகும். எங்கள் தொட்டிக்குச் சன்னலைத் திறந்தோம்; மண்டபத்துக் கடலுக்கு எந்தச் சன்னலைத் திறப்பது?

சன்னல் திறந்த மறுவாரம் அன்னையார் கூறினார்: "பிள்ளைகளே, எனக்குக் காலையில் இருந்த தலைபாரமும் இப்போது இல்லை. நீங்கள் மீனுக்குத்தான் திறந்தீர்கள்." நாங்கள் நாணித் தலைகுனிந்தோம். வந்த நாள் முதல் அவர் சன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் வாய்விட்டுக் கேளாததை, வாயில்லாத அந்த நத்தைகள் எங்களுக்கு உணர்த்தின.